நாக்கு ஓயாத நாய்க்குட்டி

கேள்வி: வேலை முடிந்து வந்ததும் எங்கள் பொமரேனியன் கையையும் முகத்தையும் நக்கித் தள்ளுகிறது. அன்பா, வியர்வை உப்பா?
(வாசகி, ஜித்ரா)

பதில்: இரண்டும். கையில் மீன்கறி வாசம் இருந்தால் மூன்றாவது காரணமும் சேரும்! வாய், கண் பக்கம் மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: ஷிட்சூ இரவெல்லாம் காலை நக்குகிறது. சுத்தம் செய்துகொள்கிறது என்கிறார் பாட்டி.
(வாசகர், பீடோங்)

பதில்: சுத்தம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். விரலிடுக்கில் வெள்ளை முடி துருநிறமாக மாறியிருக்கிறதா? எச்சில் ஊறி ஊறி ஏறிய கறை அது. மழைக்காலப் புழுக்கத்தில் அந்த ஈர இடுக்கில் பூஞ்சை சுலபமாக வளரும். உண்ணி, தெள்ளுப்பூச்சி, புல் அல்லது தீனி ஒவ்வாமை என்று வேறு காரணங்களும் உண்டு. வெளியே போய் வந்ததும் காலைக் கழுவி, இடுக்குவரை துடையுங்கள். சிவப்பு, நாற்றம், முடி உதிர்வு தெரிந்தால் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள்.

கேள்வி: வீட்டில் இருக்கும் சொறி மருந்தைத் தடவலாமா?
(வாசகர், அலோர் ஸ்டார்)

பதில்: தடவியதை அடுத்த நிமிடமே நக்கி விழுங்கிவிடும். துத்தநாகம் கலந்த களிம்பு நாய்க்கு நஞ்சு. வேண்டாம்.

கேள்வி: செம்பனைக்கடியில் புல்லுக்கு மருந்து அடித்த அன்று எங்கள் நாய் காலை விடாமல் நக்கியது.
(வாசகி, கூலிம் அருகே ஒரு தோட்டம்)

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள். பாதத்தில் ஒட்டியது நாக்கு வழியாக வயிற்றுக்குப் போகும். உடனே சோப்பு நீரில் நான்கு காலையும் கழுவுங்கள். மருந்து காயும்வரை நாயை வீட்டுக்குள் வையுங்கள். வாயைப் புண்ணாக்கி நுரையீரலைக் கெடுக்கும் பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. ஆனால் பழைய போத்தல் ஸ்டோரில் கிடக்கலாம். எச்சில் வடிதல், வாந்தி, வாய்ப்புண் இருந்தால், அடித்த மருந்தின் பெயரைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இனிப்புநீர், காலில் ஆறாத புண். நாய் நக்கினால் ஆறும் என்று காலை நீட்டிக்கொண்டு உட்கார்கிறார்!
(வாசகி, சுங்கை பட்டாணி)

பதில்: அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அம்மா. நாயின் எச்சிலில் வாழும் கிருமிகள் புண் வழியாக இரத்தத்தில் இறங்கினால் காலை இழக்க நேரலாம், உயிருக்கும் ஆபத்து. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் ரேபிஸ் பரவியதையும் மறக்க வேண்டாம். ரேபிஸ் உள்ள நாய் கடிக்கவே வேண்டாம். திறந்த புண்ணை நக்கினாலே போதும். நக்கிய இடத்தைச் சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுகிறீர்களா?

கேள்வி: எங்கள் குட்டி தரையையும் உதட்டையும் நக்குகிறது.
(வாசகர், லூனாஸ்)

பதில்: குமட்டலாக இருக்கலாம், பல்வலியாகவும் இருக்கலாம். சின்ன ஜாதி நாய்களுக்குப் பல் சீக்கிரம் கெடும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். திரும்பி வந்தால் முன்னங்காலில் ஒரே இடம் நக்கி ரணமாகியிருக்கிறது. அதட்டியும் அடித்தும் பார்த்துவிட்டேன்.
(வாசகர், கூலிம் ஹைடெக் பார்க்)

பதில்: அடிக்காதீர்கள் ஐயா. பயந்தால் இன்னும் நக்கும். மூட்டுவலி, அரிப்பு இல்லையென்று மருத்துவர் சொன்னபின் தனிமையைக் கவனியுங்கள். ஷிப்டுக்கு முன் அரை மணி நடை, கடிக்க ஒரு பொம்மை. மதியத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை கதவைத் திறந்து பேசினாலும் நல்லது. புண் ஆறும்வரை கழுத்தில் கூம்புப் பட்டை போடுங்கள்.