சோதனைச்சாமியின் ஜூல் கணக்கு

சோதனைச்சாமிக்குத் துப்பாக்கி சுடுவதில் ஆசை கிடையாது. காக்கையை ஓட்ட அவருக்கு ஒரு ‘உஷ்’ போதும். ஆனால் அடையாறு காந்தி நகரில் யாரோ பழைய ஏர் ரைபிளை விற்கிறார் என்று காதில் விழுந்துவிட்டால், அன்று மத்தியானத் தூக்கம் போச்சு. வாங்குவதா வேண்டாமா என்பது பிறகு. பவர் எவ்வளவு என்று பார்த்தாக வேண்டும்.

இந்த ரகத்து மனிதர்கள் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூன்றிலும் தாராளமாகக் கிடைப்பார்கள். ஏதோ ஒரு ஆபீஸில் மற்றவர்கள் போட்ட கணக்கை முப்பது வருஷம் சரிபார்த்துவிட்டு ரிட்டையர் ஆனவர்கள். இனி ஃபைல் வராது என்ற துக்கத்தை மாட வீதித் தேங்காய்க் கடையில் தீர்த்துக்கொள்வார்கள். பத்துத் தேங்காயை ஆட்டி, தட்டி, காதில் வைத்துக் கேட்டு, “இன்னிக்கு லோடு சரியில்லப்பா” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு போவார்கள். கடைக்காரருக்கும் பழகிவிட்டது. சோதனைச்சாமி தலை தெரிந்தால் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டுவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுவார்.

காந்தி நகர் ரைபிளுக்கு வருவோம். ஐ.எச்.பி. என்று முத்திரை குத்திய பழைய சரக்கு. இந்தியன் ஹ்யூம் பைப் கம்பெனி செய்தது. சிமென்ட் குழாய்க்குப் பேர்போன அதே கம்பெனிதான். “குழாய்க்காரன் பண்ணின குழல், நேராத்தான் இருக்கும்” என்று ஆரம்பித்தார் சாமி. விற்பவர் இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார், பாவம்.

“பையன் காலேஜ் படிக்கறப்போ வாங்கினது சார். இப்ப அவன் டல்லாஸ்ல இருக்கான். சும்மாதான் கிடக்கு. பவர் மட்டும் குறையவே இல்லை, பாருங்க.”

குழலை மடக்கி, ரவை போட்டு, தோட்டத்துச் சுவரோரம் சாத்தியிருந்த பலகையைப் பார்த்துச் சுட்டார். ‘டமார்’ என்று ஒரு சத்தம். குழல் வாயில் நீலமாகக் கொஞ்சம் புகை. பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போயிருக்கும். விற்பவர் முகத்தில் தகப்பனின் பெருமை.

சாமி குழல் வாயில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். “இது ஸ்பிரிங் போடற சத்தம் இல்ல சார். எண்ணெய் போடற சத்தம்.”

ஸ்பிரிங் ஏர் ரைபிளில் இது பழைய தந்திரம். உள்ளே இருப்பது ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், அதன் தலையில் காற்று கசியாமல் இருக்க ஒரு வாஷர். பழைய மாடலில் அது தோல். விசையை அழுத்தினால் பிஸ்டன் பாய்ந்து காற்றை நெருக்கும்; நெருங்கிய காற்று சூடாகும். அங்கே இரண்டு சொட்டு எண்ணெய் இருந்தால் டீசல் எஞ்சினில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கும். எண்ணெய் பற்றிக்கொண்டு ரவையைக் கூடுதலாகத் தள்ளும். சத்தம், புகை, வேகம் எல்லாமே இரவல். “இன்னும் பத்து ரவை சுடுங்கோ” என்றார் சாமி. ஏழாவதிலேயே ‘டமார்’ ‘டொப்’ ஆகிவிட்டது. விற்பவர் தொண்டையும் கொஞ்சம் இறங்கியது. விலை பேச இதைவிட நல்ல நேரம் கிடையாது. சாமியோ விலை பேசவில்லை. “ஒரு வாரம் எங்காத்துல வச்சுப் பாத்துட்டுச் சொல்றேனே” என்றார்.

முதல் சோதனை டெலிபோன் டைரக்டரி. பழைய சென்னை டைரக்டரியைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவர் ஊரில் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள், அதில் இவர் ஒருவர். பின்னால் இரும்புத் தகடு, அதற்குப் பின்னால் பழைய மெத்தை. இந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. ரவை அட்டையைத் துளைத்து, ‘ஏ’ வரிசையில் அனந்தராமன்களையும் அருணாசலங்களையும் கடந்து, ‘பி’ வரிசையில் பாலசுப்பிரமணியன்களிடம் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. சென்னையில் பாலசுப்பிரமணியன்களைத் தாண்ட ராணுவத் துப்பாக்கியே வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சாமி பக்க எண்ணைக் குறித்துக்கொண்டார்.

பக்க எண்ணை ஜூல் ஆக்க முடியாதே! அதற்கு ரவையின் எடை வேண்டும், வேகம் வேண்டும். எடைக்காக உஸ்மான் ரோட்டில் ஒரு நகைக்கடைக்குப் போனார். முகூர்த்த சீசன், கூட்டம். பர்ஸிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து, இடுப்புச் சிறுத்த குட்டி ரவை ஒன்றை விற்பனையாளரின் உள்ளங்கையில் வைத்தார்.

“பழைய நகையா சார்? எக்ஸ்சேஞ்சா?”

“ஈயம். எடை மட்டும் போடுங்கோ.”

கடைப் பையன் ஒரு நிமிஷம் அவரையும் ஏசியில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தராசில் வைத்தான். அரை கிராம். “செய்கூலி, சேதாரம் இல்லாம உங்களுக்கு மட்டும் சார்” என்று திருப்பிக் கொடுத்தான். அந்தப் பையன் முன்னுக்கு வருவான்.

வேகத்தை அளக்க க்ரோனோகிராஃப் என்று ஒரு கருவி உண்டு. ரவை இரண்டு சென்சார்களைக் கடக்கும் நேரத்தை வைத்து வேகத்தைச் சொல்லிவிடும். அனுப்பி வைக்கட்டுமா என்று பேரன் அமெரிக்காவிலிருந்து கேட்டான். சாமிக்கு அவமானமாகப் போய்விட்டது. “நூலும் களிமண்ணும் இருக்கறச்சே அது எதுக்குடா? ராபின்ஸ் என்ன மெஷினா வச்சிண்டிருந்தார்?”

பெஞ்சமின் ராபின்ஸ் இங்கிலாந்துக்காரர். பறக்கும் குண்டின் வேகத்தை, தொங்கவிட்ட கட்டையில் சுட்டு, அது எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதை வைத்துக் கணக்கிடலாம் என்று 1742இல் புத்தகம் போட்டவர். ஆய்லர் என்ற மகா கணித மேதையே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி ராபின்ஸைக் கோட்டைகளைச் சீர்செய்யும் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. வந்து அதிக காலம் ஆகவில்லை, 1751 ஜூலையில் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்துபோனார். வெயில் ஒத்துக்கொள்ளாமல் செத்துப்போன வெள்ளைக்காரரை “நம்ம கடலூர்க்காரர்” என்றுதான் சாமி குறிப்பிடுவார். ஏர் ரைபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கிய இளவேனில் வாலறிவன் பிறந்ததும் கடலூர் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். பத்து மீட்டர் தள்ளி, அரை மில்லிமீட்டர்ப் புள்ளியில் அடிக்கிற பெண். “அது திறமை. நான் பேசறது பவர்” என்று கையை அசைத்துவிட்டார்.

பிள்ளையார் சதுர்த்திக் களிமண்ணில் மிச்சம் இருந்தது. அதை டப்பாவில் அடைத்து, அரைக் கிலோ ஆக்கி, ஊஞ்சல் கொக்கியிலிருந்து இரண்டு மீட்டர் நூலில் தொங்கவிட்டார். டப்பா எவ்வளவு பின்னால் போனது என்று பார்க்க ராபின்ஸ் ஒரு ரிப்பன் கட்டினார். சாமி கட்டியது மாமியின் உள்பாவாடை நாடா.

ரவை களிமண்ணில் புதைந்தது. நாடா ஒன்பது சென்டிமீட்டர் நகர்ந்தது. பென்சிலும் பேப்பருமாக உட்கார்ந்தார்: நொடிக்கு 200 மீட்டர், 10 ஜூல். நானும் போட்டுப் பார்த்தேன், கணக்கு சரி. இந்த மனிதர்களிடம் உள்ள தொல்லையே அதுதான். கிண்டல் செய்யக் கிளம்பினால் கணக்கு சரியாக இருந்துவிடுகிறது.

உண்மையில் விவகாரமானது இந்த 10தான். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி .177 காலிபர், அதாவது 4.5 மில்லிமீட்டர் குழலும், 20 ஜூலுக்குள் சக்தியும் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். அரை கிராம் ரவை 20 ஜூலைத் தொட நொடிக்கு 280 மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். ஜெர்மனியில் லைசென்ஸ் இல்லாத வரம்பு 7.5 ஜூல், இங்கிலாந்தில் ஏறக்குறைய 16. “நம்ம சர்க்கார்தான் தாராளம்” என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

ஆனால் 10 என்ற எண்ணை அவர் யாரிடமும் அப்படியே சொல்லவில்லை. காந்தி நகருக்குப் போன் போட்டு, “எட்டுகூட முக்கித்தான் வரது சார்” என்றார். நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்காரர்களிடம், “20க்கு ஒரு நூல் கம்மி. இன்னும் கொஞ்சம் போனா கமிஷனர் ஆபீஸ்தான்” என்றார். கமிஷனர் ஆபீஸில் வேலை பார்க்கும் மருமகன் விசாரித்தபோது, “விளையாட்டுச் சாமான், மாப்பிள்ளை” என்றார். “குழந்தைகள் வந்து போற ஆத்துல இது எதுக்குன்னா?” என்று மாமி கேட்டபோது அதற்குப் பவரே கிடையாது. கடைசியாக எலியட்ஸ் பீச்சில் பலூன் கடைக்காரரிடம் போய், அவருடைய துப்பாக்கி எத்தனை ஜூல் என்று கேட்டார்.

“பலூனுக்கு இன்னாத்துக்கு சார் ஜூலு? குண்டூசி பட்டாலே பூடும். சுடறியா? ஆறு குண்டு போட்டுத் தரேன்.”

சாமி சுடவில்லை. குழலை மட்டும் மடக்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

எட்டு ஜூல் விலைக்கு ரைபிளை வாங்கினார். பிறகு ஒரு தடவைகூடச் சுடவில்லை. சுட என்ன இருக்கிறது, அளந்தாயிற்றே! பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் கிடந்தது. போன மாதம் விற்கப்போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தி.நகரிலிருந்து ஒருவர் வந்தார். அவரும் ரிட்டையர் ஆனவர்தான், தோளில் ஜோல்னாப் பை. அவர் லிஃப்டில் ஏறிவிட்டார் என்று வாட்ச்மேன் இன்டர்காமில் சொன்னதும், சாமி அலமாரியிலிருந்து தையல் மெஷின் எண்ணெயை எடுத்துக் குழலுக்குள் இரண்டு சொட்டு விட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

‘டமார்’ அருமையாக வந்தது.

“19 ஜூல் சார். நானே அளந்தது.”

வந்தவர் அசரவில்லை. குழல் வாயை மோந்து பார்த்தார். ஜோல்னாப் பையிலிருந்து ஒரு களிமண் டப்பாவை எடுத்து வைத்தார். அண்ணாந்து ஊஞ்சல் கொக்கியைப் பார்த்தார்.

“நூல் கொண்டுவந்திருக்கேன். அளக்கறதுக்கு நாடா மாதிரி ஏதாவது கிடைக்குமா சார்?”

சமையலறையிலிருந்து மாமியின் குரல் வந்தது: “இல்லேன்னு சொல்லுங்கோ!”