முட்டியும் எட்டு தோசையும்

எங்கள் தெருவில் வாய்தவறிக்கூட முட்டி வலி என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னேன். பால்காரர் எருக்கிலை என்றார். கீழ்வீட்டு அக்கா நொச்சி என்றார். இஸ்திரிக்காரர் கரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, முட்டியை இரண்டு தட்டுத் தட்டி, "வாயுதான் சார்" என்று தீர்ப்புச் சொன்னார்.

முதலில் கல் உப்பு ஒத்தடம். இரும்புச் சட்டியில் உப்பு படபடவென்று வெடிக்க வறுத்து, பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்ட வேண்டும். புறங்கையில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும் என்பதை, முட்டியில் வைத்த பிறகுதான் மனைவி சொன்னாள். வாசல்வரை ஓடினேன். "பாருங்க, ஒரே ஒத்தடத்துல ஓட ஆரம்பிச்சுட்டீங்க!"

அடுத்தது பிரண்டைத் துவையல். கையில் நல்லெண்ணெய் தடவாமல் நார் உரித்தால் கை அரிக்கும். சரியாக வதக்காமல், புளியையும் குறைத்து அரைத்தால் நாக்கு அரிக்கும். எனக்கு இரண்டும் வாய்த்தது. அன்று முழுக்க முட்டி வலி ஞாபகத்துக்கே வரவில்லை.

கடைசியில் முடக்கத்தான். 'முடக்கு அறுத்தான்' என்பதுதான் இப்படி மருவியதாம். அரைத்து மாவில் கலந்தால் தோசை பச்சையாக வரும், லேசாகக் கசக்கும். கசப்புக்கு நெய், நெய்க்குக் காரச் சட்னி. மருந்துக்குக் கணக்குப் பார்க்கலாமா? காலையில் நாலு, ராத்திரி நாலு. ஒரு மாதம்.

வலி குறையாமல் டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்தவர், எடை மெஷினில் ஏறச் சொன்னார். மூன்று கிலோ கூடியிருந்தது. "உடம்புல ஒரு கிலோ ஏறினா, நடக்கிறப்ப ஒவ்வொரு அடிக்கும் முட்டியில சுமார் நாலு கிலோ பாரம் கூடும்" என்றார். ஆக, அடிக்கு 12 கிலோ. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையில் ஏறக்குறையப் பாதியைக் காலில் கட்டிக்கொண்டு, கீரை வாங்கப் போய்வந்திருக்கிறேன்.

ஒத்தடத்தை அவர் தடுக்கவில்லை. சூடு சதையை இளக்கி வலியை ஆற்றுமாம்; தேய்ந்த குருத்தெலும்பை மட்டும் வளர்க்காதாம். முட்டி சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் உப்பு வறுக்காமல் நேரே வரச் சொன்னார். அவர் சொன்னதும் வீட்டு வைத்தியம்தான்: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேரே நீட்டி, பத்து எண்ணி இறக்குவது. தொடைச் சதை வலுத்தால் முட்டிக்குப் பாரம் குறையும். காசில்லை, வாசனை இல்லை, அரைக்க வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, தெருவில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை.

இப்போது வேளைக்கு இரண்டே தோசை, நெய் கிடையாது. ஒன்றரை கிலோ இறங்கியிருக்கிறது. முடக்கத்தான் எவ்வளவு கசப்பு என்று இப்போதுதான் தெரிகிறது.