கிடார் பிடித்த பக்தி

கே: இத்தாலியில் கிடார், டிரம்ஸோடு கடவுளைப் பாடிய ராக் குழு இருந்ததாமே?
– வாசகர், ஆவூர், புதுக்கோட்டை மாவட்டம்

ப: ஒன்றல்ல, மூன்று! 1966 ஏப்ரல் 27, ரோம். மார்செல்லோ ஜோம்பினி இசையமைத்த 'இளைஞர் திருப்பலி'யைப் பாரித்தாஸ், ஏஞ்சல் அண்ட் தி பிரெயின்ஸ், பம்பர்ஸ் ஆகிய குழுக்கள் மேடையேற்றின. இசைத்தட்டும் வந்தது. அதற்குச் சற்று முன்புதான் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழியில் வழிபடக் கதவைத் திறந்துவிட்டது. மக்கள் மொழியோடு மின்சாரக் கிடாரும் சேர்ந்து நுழைந்துவிட்டது! பெரியவர்கள் சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஜோம்பினியோ பிற்பாடு 'சபாட்டா' என்ற கௌபாய் படத்துக்கும் இசை போட்டார். ஸ்தோத்திரத்துக்கும் துப்பாக்கிக்கும் ஒரே கை! பாரித்தாஸை இன்று பழைய தட்டு சேகரிப்பவர்களைத் தவிர யார் தேடுகிறார்கள்?

ஆனால், இயேசு சபையாரின் பழைய மதுரை மிஷனின் முக்கியத் தலமான ஆவூரிலிருந்தா இந்தக் கேள்வி? அதே மிஷனுக்கு வந்த இத்தாலியர் பெஸ்கி, அதாவது நம் வீரமாமுனிவர், கிடார் இல்லாமலே தேம்பாவணியில் 3,615 பாட்டு கட்டினாரே! அந்த 'ஆல்பத்தை' முழுதாகக் கேட்டவர் உங்கள் தெருவில் எத்தனை பேர்?