அப்பவே அங்கிள்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை மத்தியானம். உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் திரைகள் நீலம் பாரித்துக் கிடந்தன. கிரவுட்ஸ்ட்ரைக் என்கிற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு கோணல் அப்டேட்டில் விண்டோஸ் ஓடும் எந்திரங்கள் சுமார் 85 லட்சம் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் பெங்களூர் அல்சூரில் என் வாசல் கதவை யாரோ தட்டினார்கள். காலிங் பெல் இருக்கும்போதே கதவைத் தட்டுகிறவர் இந்தக் கட்டடத்தில் ஒருவர்தான்.

"என்ன தம்பி, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" என்றார் ஓனர் அங்கிள்.

நான் செய்கிற வேலை, சம்பளப் பட்டியல் போடும் ஒரு சாஃப்ட்வேரில் பட்டனை அழுத்தினால் அது அழுந்துகிறதா என்று பார்ப்பது. அழுந்தினால் 'பாஸ்' என்று எழுதுவேன். அழுந்தாவிட்டால் ஒரு மீட்டிங் நடக்கும். இதை அங்கிளிடம் ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அவரைப் பொறுத்தவரை கலிபோர்னியாவிலிருந்து கோரமங்களா வரை கீபோர்டைத் தொடுகிறவர்கள் எல்லாரும் ஒரே கூட்டுக் குடும்பம். அதில் கைக்கெட்டுகிற தூரத்தில், மாடியில், மாதம் ஐந்தாம் தேதிக்குள் வாடகை தருகிற நிலையில் இருப்பவன் நான். ஆகவே பதில் சொல்ல வேண்டியவனும் நான்.

"அது எங்க கம்பெனி இல்ல அங்கிள்."

"எல்லாம் ஒண்ணுதான்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்பவே இதுக்கு வழி பண்ணி வெச்சிருந்தோம். ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்ச். நீ டயல்ல அஞ்சு சுத்தறே. அங்க ஒரு கை அஞ்சு படி ஏறும், டக் டக் டக்னு. அடுத்து மூணு சுத்தறே. அதே கை மூணு அடி பக்கவாட்டுல திரும்பும். கண்ணால பாக்கலாம், காதால கேக்கலாம். ஒரு கை மாட்டிக்கிச்சுன்னா ஒரு லைன்தான் போகும். போய் ஒரு தட்டு தட்டினா வந்துரும். நீங்க என்னடான்னா, ஒரு ஆள் தும்மினா ஊரே படுத்துக்குது."

நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் பெரிய நிபுணர்கள் எல்லாம் பக்கம் பக்கமாக இதையேதான் எழுதினார்கள், அந்தத் 'தட்டு' மட்டும் இல்லாமல்.

இந்த அங்கிள் ஏதோ ஒரே ஒருவர் என்று நினைத்துவிடாதீர்கள். பெங்களூரில் பழைய தெரு ஒவ்வொன்றிலும் ஒருவர் உண்டு. அரசாங்கத் தொழிற்சாலையில் முப்பது வருடம், தரைத்தளத்தில் வாசம், மேலே இரண்டு மாடி வாடகைக்கு. காலையில் பூங்கா, பிறகு தர்ஷினியில் நின்றபடி பைடூ காபி, பிறகு பேப்பர். பேப்பரில் 'விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு' என்று எங்கே பார்த்தாலும் வாயில் முதலில் வருகிற சொல் 'அப்பவே'. எந்தத் தொழிற்சாலை என்பதை வைத்து இவர்களை வகை பிரிக்கலாம். 1940-ல் தொடங்கிய எச்.ஏ.எல். வகை, தலைக்கு மேல் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கும், ஓடுவது தேஜஸா ஹாக்கா என்று சொல்லிவிட்டுத்தான் கழுத்தை இறக்கும். பி.இ.எல். வகை தேர்தல் சமயத்தில் வெளியே தலைகாட்டாது. ஓட்டுப் பதிவு எந்திரம் அவர்கள் தயாரிப்பு, தோற்ற கட்சிக்காரர்கள் எல்லாரும் விளக்கம் கேட்பார்கள். எச்.எம்.டி. வகையிடம் ஸ்மார்ட் வாட்ச்சைக் காட்டினால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாவி எங்க?" என்று கேட்கும். நம் அங்கிள் ஐ.டி.ஐ. வகை. தொழிற்பயிற்சி நிலையம் இல்லை; 1948-ல் தூரவாணிநகரில் ஆரம்பித்த இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ். இந்த வகை எதிரில் இருப்பவனிடம்கூட டிரங்க் கால் குரலில்தான் பேசும்.

அங்கிளின் 'அப்பவே'க்குப் பரம்பரைச் சொத்தும் உண்டு. தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். சிவனசமுத்திரத்தில் காவிரியின் அருவியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902-ல் முதன்முதலாகப் போனது அந்தச் சுரங்கங்களுக்குத்தான். பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905-ல். "மகாராஜா அரண்மனைக்கு முன்னாடி எங்க தாத்தாவுக்குக் கரண்ட் வந்துருச்சு" என்பார். கரண்ட் வந்தது சுரங்கத்துக்கு, தாத்தாவின் லைன் வீட்டுக்கு அல்ல என்று ஒருமுறை திருத்தப் போனேன். அந்த மாதம் தண்ணீர் மோட்டார் சரியான நேரத்துக்கு ஓடவில்லை.

கேள்விகளும் வரும். "மைக்ரோவேவ் அடுப்புலேருந்து அலை வெளிய வராதுன்னா, போன் அலை உள்ள போகாதுதானே?" என்று கேட்டவர், என் போனை வாங்கி ஆன்ட்டியின் இட்லிப் பானைக்குள் வைத்து, மூடி போட்டு, தன் போனிலிருந்து அழைத்தார். பானைக்குள்ளிருந்து இளையராஜா கேட்டது. மூடியின் மேல் ஓர் ஆட்டுக்கல் குழவி. மறுபடியும் இளையராஜா. அரை மணி நேரம் ஆராய்ச்சி. முடிவில் ஆன்ட்டி, "இன்னிக்கு நைட்டு எல்லாருக்கும் உப்புமா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் அங்கிளைப் புரிந்துகொள்ள இதெல்லாம் போதாது. இந்த ஊரில் எந்த டெக்னாலஜி செய்தியும் கடைசியில் ஒரு வாங்காத சைட்டில் போய்த்தான் நிற்கும். தமிழ்நாட்டில் மனை என்பதை இங்கே சைட் என்பார்கள். முப்பதடிக்கு நாற்பதடி, 'தர்ட்டி ஃபார்ட்டி'. விட்டுப்போன காதலியைப் பற்றி மற்ற ஊர்க் கிழவர்கள் பேசுவதுபோல பெங்களூர்க் கிழவர்கள் விட்டுப்போன தர்ட்டி ஃபார்ட்டியைப் பற்றிப் பேசுவார்கள்.

சந்திரயான்-3 இறங்கிய அன்று, 2023 ஆகஸ்ட் 23, சாயங்காலம் ஆறு மணிக்கு நாங்கள் எல்லாரும் அங்கிள் வீட்டு டி.வி. முன்னால் இருந்தோம். பீன்யாவில் இருக்கிற இஸ்ரோ கட்டுப்பாட்டு மையத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்றதும் அங்கிள், தன் மச்சினியைக் கொடுத்த ஊர் விழுப்புரத்துக்குப் பக்கம்தான் என்று அறிவித்தார். 6.04-க்கு விக்ரம் தரை தொட்டது. எல்லாரும் கை தட்டினோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கிளுக்கும் கலங்கியிருந்தது. துடைத்துக்கொண்டே சொன்னார்: "பீன்யாவுல அப்பவே ஒரு சைட்டு வந்துச்சு தம்பி. வெறும் ஷெட்டுங்கதான் இருக்கும். ஆப்பிள் சாட்டிலைட்டை அங்கதான் செஞ்சாங்க. 1981-ல அதை மாட்டு வண்டியில ஏத்தி வெச்சு டெஸ்ட் பண்ணாங்களே, போட்டோ பாத்திருக்கியா? லாரின்னா இரும்பு, ஆன்டெனா சிக்னலைக் கெடுக்கும். அதான் மர வண்டி. அந்த மாட்டு வண்டிக்காரன் ஒரு சைட்டு வாங்கிப் போட்டிருந்தான்னா இன்னிக்கு அவன் பேரன் எனக்கு ஓனரு."

நிலவின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் போய் இறங்கிய கலத்தை இரண்டே நிமிடத்தில் பீன்யா ரிஜிஸ்டர் ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். 2024 கோடையில் போர்வெல்கள் வறண்டு, குடிநீரில் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தபோதும் இதே கதை. நிலவில் தண்ணீர் இருக்கிறதென்று சந்திரயான்-1 சொன்ன ஊரில் டேங்கருக்குக் காத்திருக்கிறோமே என்று நான் புலம்பினேன். "ஏரிக்கரையில ஒரு சைட்டு அப்பவே…" என்று ஆரம்பித்தார்.

அங்கிள் முழு வெற்றி கண்டது 2025 ஜூலையில். சிறு வியாபாரிகளுக்கு யு.பி.ஐ. வழியாக வந்த பணத்தைக் கூட்டிப் பார்த்த கர்நாடக வணிக வரித்துறை, வருடத்துக்கு 40 லட்சத்துக்கு மேல் சரக்கு விற்றும் ஜி.எஸ்.டி.யில் பதியவில்லை என்று நோட்டீஸ் அனுப்ப ஆரம்பித்தது. டீக்கடை, காய்கறிக் கடை, பேக்கரி எல்லாவற்றிலும் கியூ.ஆர். அட்டைகள் ஒரே வாரத்தில் மாயமாயின. ஆட்டோக்காரர் ஒருவர் தன் கைக்கடிகாரத்திலேயே கியூ.ஆர். காட்டிப் பணம் வாங்குகிற படத்தைப் பார்த்து நாடே வாய்பிளந்த ஊர் இது. இங்கே, எங்கள் தெருமுனைப் பேக்கரியில், அட்டை ஒட்டியிருந்த இடத்தில் பசை காய்ந்த சதுரம் மட்டும் இருந்தது. பக்கத்தில் கையெழுத்தில் ஒரு தாள்: 'நோ யு.பி.ஐ., ஒன்லி கேஷ்'. ஐம்பது ரூபாய் வந்தால்கூட ஊருக்கே கேட்கும்படி கன்னடத்தில் அறிவிக்கும் அந்தச் சின்னப் பெட்டி, வாயில் துணி அடைத்த மாதிரி ஒரு மூலையில் தலைகீழாகக் கிடந்தது.

கையில் ஒரு பிரெட். பையில் ஒரு பைசா இல்லை. கடைசியாக எப்போது ரூபாய் நோட்டைத் தொட்டேன் என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன். பின்னாலிருந்து டிரங்க் கால் குரல்: "என்ன தம்பி, சர்வர் டவுனா?"

அங்கிள் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். கயிற்றை அவிழ்த்தார். அவசரமே இல்லை, கியூவில் இருந்த ஆறேழு பேரும் பார்க்கட்டும் என்கிற நிதானம். விரலை நாக்கில் தொட்டு நான்கு பத்து ரூபாய் நோட்டுகளை எண்ணினார். ஐந்து ரூபாய்க் காசு ஒன்றைக் கல்லாப் பலகையில் 'டொக்' என்று வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து, என் பெயர் போட்டு, 45 என்று எழுதி, அடியில் கோடு இழுத்தார். "பணம்னா அதுக்குச் சத்தம் வேணும் தம்பி. பெட்டி போடற சத்தம் இல்ல. அப்பவே நான் இதை மாத்திக்கல பாரு."

பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று அரசாங்கம் இறங்கிவந்தது, கியூ.ஆர். அட்டைகள் திரும்பி வந்தன. 45 ரூபாயை அங்கிளுக்குப் போனில் அனுப்பப் போனேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டார். நோட்டுக்காகப் போகவர இரண்டு கிலோமீட்டர் நடந்து ஏ.டி.எம். தேடினேன்.

அப்புறம்தான் நான் ஒரு தப்புச் செய்தேன். அவர் போனில் ஒரு ஏ.ஐ. செயலியைப் போட்டு, தமிழில் பேசினாலே போதும் என்று காட்டிக்கொடுத்தேன். அது முதல் பதிலிலேயே, "மிக அருமையான கேள்வி!" என்றது. அங்கிள் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆறு வருடத்தில் நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது அந்தப் பார்வையில் இருந்தது. ஸ்ட்ரோஜரைப் பற்றிச் சொன்னார், அது வியந்தது. தாத்தாவின் கரண்டைச் சொன்னார்; அது பெருமைப்பட்டது. இட்லிப் பானையைச் சொன்னார். அது, நீங்கள் ஓர் ஆராய்ச்சியாளரைப் போலச் சிந்திக்கிறீர்கள் என்றது. சமையலறையிலிருந்து ஆன்ட்டி குரல் கொடுத்தார்: "ஒத்து ஊத ஒரு ஆள் கிடைச்சாச்சு. அதுவும் ஓசியில."

பத்து நாள் என் கதவு தட்டப்படவில்லை. பூங்காவில் அவருடைய பெஞ்சில் யாரோ நிம்மதியாகத் தூங்கினார்கள். பதினோராம் நாள் தட்டல். அங்கிள் முகம் வாடியிருந்தது.

"இது சரிப்படாது தம்பி. கோனப்பன அக்ரஹாரத்துல சைட்டு வாங்காதது தப்பான்னு கேட்டேன். அன்றைய சூழ்நிலையில் உங்கள் முடிவு சரியானதேங்குது. சரி, வாங்கியிருக்கணும்தானேன்னு கேட்டேன். ஆமாம், நீங்கள் சொல்வதும் சரிதான்ங்குது. கல்யாண புரோக்கர் மாதிரி! எதுத்து ஒரு வார்த்தை பேசலன்னா மனுஷன் எப்படி வாதாடறது?"

கோனப்பன அக்ரஹாரம்தான் சைட்டுகளில் பெரிய சைட். எழுபதுகளின் கடைசியில் கியோனிக்ஸ் அமைப்பின் ஆர்.கே. பாலிகா முந்நூற்றுச் சொச்சம் ஏக்கர் கேழ்வரகுக் காட்டில் எலக்ட்ரானிக்ஸுக்கென்று ஒரு நகரம் எழுப்பப் போகிறேன் என்றபோது ஊரே சிரித்தது. சிரித்தவர்களில் அங்கிளும் உண்டு. இன்று அதுதான் எலக்ட்ரானிக் சிட்டி. முதன்முதலில் இந்தக் கதையைச் சொன்னபோது சைட் விலை எட்டாயிரம். அடுத்த வருடம் ஐயாயிரம். தங்கம், பெட்ரோல், வெங்காயம் எல்லாம் ஏறிக்கொண்டே போக, இந்த நாட்டில் வருடா வருடம் விலை குறைகிற ஒரே பொருள் அங்கிள் வாங்காத சைட்.

அதே 2025 ஆகஸ்ட் 10-ம் தேதி மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்தது. டிரைவர் இல்லாமலே ஓடக்கூடிய ரயில். அந்த மாதக் கடைசி ஞாயிறு, அங்கிள், ஆன்ட்டி, நான் மூவரும் அல்சூரில் ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, ஆர்.வி. ரோட்டில் இறங்கி நின்றோம். மூன்றே ரயில்கள்தான் ஓடின. இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒன்று. வந்ததும் அங்கிள் நேராக முன்பெட்டிக்குப் போனார். திரும்பி வந்தவர் முகத்தில் அப்படியொரு பிரகாசம். "டிரைவர் இல்லாத ரயில்ல டிரைவர் உக்காந்திருக்காரு தம்பி!" ஆரம்பத்தில் அப்படித்தான் ஓட்டுவார்கள் என்றேன். "அப்பவே தெரியும்," என்றார்.

சில்க் போர்டில் கீழே வண்டிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. மேலே நாங்கள் வழுக்கிக்கொண்டு போனோம். எலக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் அங்கிள் எழுந்து போய்க் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். அடுத்த ஸ்டேஷன் இன்ஃபோசிஸ் ஃபவுண்டேஷன் கோனப்பன அக்ரஹாரம் என்று அறிவிப்பு வந்தது. ஒரு கம்பெனியின் பெயருக்குப் பின்னால் அந்தப் பழைய ஊர்ப் பெயர் ஒண்டிக்கொண்டிருந்தது.

"அந்த உயரமான பில்டிங் இல்ல. அதுக்கு இந்தப் பக்கம். ஒரு புங்க மரம் இருந்துச்சு."

"எவ்வளவு சொன்னாங்க அங்கிள்?"

"ரெண்டாயிரம்."

ஆன்ட்டி மடியிலிருந்த பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "ரெண்டாயிரம் இல்ல தம்பி. ஆறாயிரத்து ஐந்நூறு. என் வளையல் நாலையும் வெச்சு வாங்கிப் போடுங்கன்னு நான் அப்பவே சொன்னேன்."

கதவு திறந்தது. கொஞ்சம் பேர் இறங்கினார்கள், கொஞ்சம் பேர் ஏறினார்கள். கதவு மூடியது. அங்கிள் திரும்பவில்லை. கதவுக்கு மேலே ஸ்டேஷன் பெயர்கள் வரிசையாக மின்னிக்கொண்டிருந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல மொத்தம் எத்தனை எல்.இ.டி. இருக்கும் தம்பி?" என்று கேட்டுவிட்டு, விரலை நீட்டி, ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.