ஆவடிக்கு சோஷலிசம் வந்துவிட்டது

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. தேபர் தலைமை, நேரு மேடையில், காமராஜர் முதலமைச்சர். நாட்டை சோஷலிச மாதிரிச் சமுதாயமாக அமைப்பதென்று தீர்மானம் போட்டார்கள். எழுபது வருடம் ஓடிவிட்டது. தீர்மானம் நிறைவேறியதை யாரும் ஊருக்கு அறிவிக்கவில்லை. கட் அவுட்டும் இல்லை, பொதுக்கூட்டமும் இல்லை. சரி, நானே சொல்லிவிடுகிறேன்.

டிசம்பரில் வந்து பாருங்கள். 2015 வெள்ளத்திலும் சரி, 2023 மிக்ஜாம் புயலிலும் சரி, பக்கத்து அம்பத்தூர் தொழிற்பேட்டை மூழ்கியது. முதலாளியின் மெஷினும் தொழிலாளியின் கட்டிலும் ஒரே தண்ணீரில் கிடந்தன. மாஸ்கோவிலேயே இப்படியொரு சமத்துவத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் அதுவும் வடிந்துவிடும். பெரிய கம்பெனிக்கு இன்சூரன்ஸ் வரும். கான்ட்ராக்ட் ஆளுக்கு, வேலைக்கு வராத நாட்களின் சம்பளம் பிடிபடும்.

1964இல் தொழிற்பேட்டை வந்தபோது இத்தனை பேருக்கு வேலை என்று கணக்குப் போட்ட அரசு, அத்தனை பேரும் ராத்திரி எங்கே படுப்பார்கள் என்று கணக்குப் போடவில்லை. அந்தக் கணக்கைப் போட்டவர் ஹவுஸ் ஓனர். ஒரு கிரவுண்டில் எட்டு போர்ஷன், எட்டுக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். அட்வான்ஸ் பத்து மாத வாடகை. மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017 வாடகைச் சட்டம் சொல்கிறது; வேறு உடன்பாடு இருந்தால் வாங்கலாம் என்று ஒரு சந்தும் விட்டிருக்கிறது. நாங்கள் குடியிருப்பது அந்தச் சந்தில்தான்.

வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 2016இலிருந்து. அந்த இலவசம் ஓனர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். எங்களுக்கு சப் மீட்டர்; முதல் யூனிட்டிலிருந்தே அவர் வைத்ததுதான் ரேட்டு.

"சார், கவர்மென்ட்டு ஃப்ரீயா தருதே?"

"அப்ப கவர்மென்ட்டு வீட்டுக்கே குடி போங்கப்பா."

2022இல் சொத்து வரி ஏறியது. சொத்து அவருடையது, வரி எங்கள் வாடகையில்.

ஏரிகளிலும் இதே நியாயம்தான். முகப்பேரில் வீட்டு மனைப் பகுதி ஒன்றுக்கு ஏரித் திட்டம் என்றே பெயர், கூச்சம் கிடையாது. ஏரியில் ஹவுசிங் போர்டு கட்டினால் திட்டம், ஏழை குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. மிச்சமிருந்த கொரட்டூர் ஏரியில் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்தன. சுற்றிக் குடியிருப்பவர்கள் பசுமைத் தீர்ப்பாயம்வரை போக வேண்டியிருந்தது. ஏரி நாறுகிறது என்பதை மூக்குள்ள எவரும் சொல்லிவிடுவார்கள்; ஆனால் மூக்கு ஆவணம் ஆகாதே!

ஆவடி 2019இல் மாநகராட்சி ஆனது. 2024 ஆகஸ்டில் அதே மாநகராட்சியில் பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் விஷவாயு தாக்கிச் செத்தார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதனைச் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் வந்துவிட்டது. இப்படிச் சாகிறவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதையே 30 லட்சமாக்கியது. விலைவாசி ஏறுகிறதல்லவா, சாவுக்கும் ஏற்றினார்கள். இது டாங்கி செய்கிற ஊர். 1965இல் முதல் விஜயந்தா இங்கிருந்துதான் உருண்டு போனது. 58 டன்னைத் தாண்டும் அர்ஜுனும் இந்த ஊர்ச் சரக்குதான். பாகிஸ்தான் எல்லைவரை போக வண்டி செய்யத் தெரிந்த ஊரில், தெருமுனை மேன்ஹோலுக்குள் போக மட்டும் இன்னும் மனிதன்தான் வேண்டியிருக்கிறது.

இப்படிச் சாவு விழும் ஊரிலெல்லாம் கான்ட்ராக்டர்கள் வழக்கமாக ஒரு பதில் வைத்திருப்பார்கள்: "நாங்க இறங்கச் சொல்லல சார், அவராத்தான் இறங்கினாரு." ஆமாம். காலையில் எழுந்தார், காற்றாட எங்கேயாவது போகலாம் என்று தோன்றியது, மூடியைத் திறந்து இறங்கிவிட்டார். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, ஃபைலை மூடலாம்.