பொறுங்கோ, இன்னும் இறங்கும்

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்துவிட்டு நிமிர்ந்தால், பின்னேரம் ஐந்து மணிக்கே ஸ்காபரோ இருட்டிவிடும். அந்த இருட்டோடு விலை பார்க்கிறவரின் முதல் ஸ்கிறீன்ஷொட் வந்து சேரும். நீலக் கடல், வெள்ளை மணல், கடலைப் பார்த்துச் சாய்ந்த தென்னை, தென்னைக்குக் கீழே ஒரு விலை. புன்டா கானா, ஏழு இரவு, விமானம் சாப்பாடு குடிவகை எல்லாம் அடக்கம். "இந்தமுறை பிள்ளையளுக்கு வெயில் காட்டுறம்" என்று ஒரு வரியும் எழுதியிருப்பார்.

உங்கள் வீட்டில் அவர் மச்சானாக இருப்பார், சித்தப்பாவாக இருப்பார். எங்களுக்குச் சகலனாக வாய்த்திருக்கிறார்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கைதட்டலும் இதயமும் குவியும். என் மகள் கோடைக்கு வாங்கிய நீச்சல் கண்ணாடியைத் தேடி எடுத்து, அதை மாட்டிக்கொண்டே இடியப்பம் சாப்பிடுவாள். "விலை நல்லாத்தானே கிடக்கு அண்ணை, புக் பண்ணுவமா?" என்று நான் கேட்பேன்.

"பொறுங்கோ தம்பி. அவசரப்படாதேங்கோ. இன்னும் இறங்கும்."

எந்தப் பொருளும் இன்றைய விலையிலிருந்து நாளைக்கு இறங்கியே தீரும் என்பது அவருடைய சித்தாந்தம். வீடு வாங்கப் புறப்பட்ட காலத்திலும் இதைத்தான் சொன்னார். அவர் பொறுக்கப் பொறுக்க மார்க்கம் நகரில் வீட்டு விலை எங்கே போய் நின்றது என்பது ஊரறிந்த கதை. அவருடைய மனைவி, அதாவது என் மனைவியின் அக்காவுக்கு முன்னால் அதைப் பேசக்கூடாது.

விலை பார்ப்பதற்கென்று அவரிடம் ஒரு முறை உண்டு. பிள்ளைகள் படுத்த பிறகு, இரவு பதினொன்றரைக்கு மேல்தான் தொடங்குவார். அதுவும் பிறவுசரில் மறைவுப் பக்கத்தைத் திறந்துதான் போவார். தான் வந்து வந்து பார்ப்பது கொம்பியூட்டருக்குத் தெரிந்தால் விலையைக் கூட்டிவிடுமாம். திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய்க்கு விலை பேசுகிறவர் எனக்கென்ன என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வாரே, லப்டொப்பின் முன்னால் அதே முகம்தான். கர்சரைக்கூட விலையின்மேல் நேரே கொண்டுபோய் வைக்கமாட்டார். பக்கத்தில் எங்கேயாவது சுற்றிக்கொண்டு நிற்பார்.

பியர்சனிலிருந்து ஒரு விலை, ஹமில்டனிலிருந்து ஒரு விலை, எல்லை கடந்து பஃபலோவிலிருந்து ஒரு விலை. பஃபலோவில் ஆளுக்கு நூறு டொலர் மிச்சம் வருகிறது என்று ஒரு வருடம் துள்ளிக் குதித்தார். விடிய நாலு மணிக்கு நாலு பிள்ளைகளையும் ஸ்ரோலரையும் பம்பர்ஸ் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, பனிக்குள் இரண்டு மணித்தியாலம் ஓடி, பாலத்தில் வரிசையில் நிற்பதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டேன். அது செலவில்லையாம், அனுபவமாம். கடைசியில் அந்தத் திட்டத்தை உடைத்தவர் எங்கள் மாமி. அவரிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. கனடாவில் நிரந்தர வதிவுரிமை இருந்தாலும் அமெரிக்காவுக்கு விசா வேண்டும். பஃபலோவோடு புளோரிடாவும் போயிற்று. மெக்சிகோவுக்குக் கனடிய வதிவுரிமை அட்டை இருந்தால் விசா தேவையில்லை என்பது கிழமைக்கணக்காய் மூன்று நாட்டுக்கு விலை பார்த்து முடித்த பிறகுதான் சகலனுக்குத் தெரிய வந்தது. மாமியின் விரத நாட்களையும் கழிக்கவேண்டும். கந்தசஷ்டி சில வருடம் நவம்பருக்குள் வந்துவிடும். ஹொட்டேல் பஃபேயில் மீனுக்குள் போட்ட கரண்டியைச் சோற்றுக்குள்ளும் போடுவார்கள் என்பது மாமியின் கட்சி.

என்னை எரிச்சல்படுத்துவது சகலன் அறியாமல் பேசுவதல்ல, எல்லாம் சரியாகப் பேசுவதுதான். நவம்பர் நடுவுக்கும் டிசம்பர் நடுவுக்கும் இடையில் கரீபியன் பக்கம் விலை விழும் என்கிறார், விழத்தான் செய்கிறது. பள்ளிக்கூடம் கிறிஸ்மஸுக்குப் பூட்டும் நாள் வந்ததும் அதே அறை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். கரையில் மலைமலையாய் ஒதுங்குகிற சார்காசம் பாசி கோடையில்தான் மோசம், நவம்பரில் குறைவு என்பார். கான்கூன் இருக்கும் கிந்தானா றோ மாநிலம் 2015இல் தன் நேரத்தை மாற்றிக்கொண்டு, அதன் பிறகு மணிக்கூட்டைத் தொடுவதேயில்லை. ஆகையால் குளிர்காலத்தில் அங்கேயும் ரொறன்ரோவிலும் ஒரே நேரம், பிள்ளைகளின் நித்திரை குழம்பாது என்பார். இதையெல்லாம் எந்தப் பயண முகவரும் எனக்குச் சொன்னதில்லை. சின்னப் பிள்ளைகளோடு போகிற எவருக்கும் பொன்னான தகவல். கேட்டுவிட்டு, "அப்ப புக் பண்ணுவம் அண்ணை" என்றால், மறுபடியும் பொறுக்கச் சொல்லுவார்.

அடுத்து புயல். அட்லாண்டிக்கில் புயற்பருவம் ஜூன் 1இல் தொடங்கி நவம்பர் 30இல் முடிகிறது. மற்றவர்கள் அதைப் பார்த்துப் பயப்படுவார்கள். இவர் நம்பியிருப்பதே அதைத்தான். ஆபிரிக்கக் கரையில் ஒரு மேகம் சுழன்றால் இவருடைய முகம் மலரும். அமெரிக்கப் புயல் மையத்தின் வரைபடத்தைக் காலையில் தேத்தண்ணியோடு பார்ப்பார். செம்மஞ்சள் வட்டம் ஒன்று தெரிந்தால் "வருது, வருது" என்று குழுவில் போடுவார். சனம் பயந்து போகாது, ஹொட்டேல் காலியாகும், விலை இறங்கும். 2005 ஒக்ரோபரில் வில்மா வந்து கான்கூனையும் கொசுமெலையும் புரட்டிப் போட்டதைப் பற்றி, அதன் அமுக்கம் 882 மில்லிபாருக்கு இறங்கி அட்லாண்டிக்கில் அளந்ததிலேயே ஆகக் குறைந்ததாக நிற்பதைப் பற்றி, மரியாதையோடு பேசுவார். ஒரு மனிதர் காற்றமுக்கம் இறங்கியதைக்கூட மலிவு விற்பனைபோலச் சொல்வதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. 2024 ஒக்ரோபரில் கியூபா முழுவதும் மின்சாரம் நின்றபோதும் வரடேரோ விலையைத்தான் முதலில் பார்த்தார்.

இத்தனைக்கும் நடுவில் அவருடைய சின்னவனின் வயது. இரண்டு வயது முடியாத பிள்ளை விமானத்தில் பெரியவரின் மடியில் போகலாம், தனிச் சீட் தேவையில்லை. போகிற அன்றைக்கு இரண்டு முடியாமலிருந்து, அங்கே நிற்கும்போது முடிந்துவிட்டால், திரும்பி வரச் சீட் வாங்கத்தான் வேண்டும். சின்னவனுக்கு டிசம்பர் தொடக்கத்தில் முடிகிறது. ஆகவே ஒரு பக்கம் விலை இறங்கவேண்டும், மறுபக்கம் பிள்ளை வளரக்கூடாது. பிள்ளை இதொன்றையும் பொருட்படுத்தாமல் வளர்ந்துகொண்டிருக்கிறான். இப்போதே தூக்கினால் இடுப்புப் பிடிக்கிறது. கான்கூனுக்கு நாலு மணித்தியாலம். அந்த நாலிலும் அவன் இருக்கமாட்டான், நிற்பான், முன்சீட்டுக்காரரின் தலைமயிரை ஆராய்வான். "மடியில வைச்சிருக்கலாம்தானே" என்று இவர் சொல்லும்போது குறிப்பிடுவது அக்காவின் மடியை.

கடவுச்சீட்டும் இருக்கிறது. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கனடாவில் ஐந்து வருடத்துக்குமேல் தரமாட்டார்கள். விலையை நாள்தவறாமல் பார்க்கிறவர் இதைப் பார்த்திருக்கமாட்டார். மூத்தவளின் புத்தகம் எப்போதோ முடிந்துபோயிருக்கும்.

போன வெள்ளிக்கிழமை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். கறுப்பு வெள்ளி மலிவு. எல்லாம் கூடி வந்திருந்தது. திரையில் கான்கூன், பிள்ளைகளுக்கு முழங்காலளவு நீச்சல் தடாகம், சாப்பாட்டு மண்டபத்துக்குக் கிட்ட அறை. பேர்ஸைத் திறந்து கிரெடிட் காட்டை வெளியில் எடுத்தார். அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தா. காட்டை மேசையில் வைத்து, இலக்கங்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, பன்னிரண்டு எண்களை அடித்தார். மீதி நாலு. "ஒருக்கா மற்றச் சைற்றையும் பாத்திட்டு வாறன்" என்று புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்தார். திரும்பி வந்தபோது அந்த விலை இல்லை என்று திரை சொன்னது. ஆளுக்கு அறுபது டொலர் ஏறியிருந்தது.

எனக்கு வயிறு எரிந்தது. அவருடைய முகத்தில் ஒரு நிம்மதி. "பாத்தீங்களே, எங்களை அவசரப்படுத்தப் பாக்கிறாங்கள்" என்று காட்டைத் திரும்பப் பேர்ஸுக்குள் வைத்தார்.

அக்கா ஒன்றும் கத்தவில்லை. "வெயில் வேணுமெண்டா ஹீற்றரைக் கூட்டிவிட்டிட்டு எல்லாரும் அரைக்காற்சட்டையோட இருங்கோ" என்றுவிட்டு உள்ளே போய்விட்டா.

சிரித்தோம்தான். ஆனால் இதில் சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். லீவு வேண்டுமென்றால் கிழமைக்கணக்காய் முன்கூட்டி எழுதிக் கொடுக்கவேண்டும். கொடுத்தபின் மாற்ற முடியாது. இவர் பொறுக்கச் சொன்ன ஒரு வருடம், எழுதிக் கொடுத்த லீவு வந்தது, பயணம் வரவில்லை. அந்தக் கிழமை முழுக்க அவள் ஃபிறிட்ஜைத் துடைத்துக்கொண்டும் பிள்ளைகளின் சின்னதாய்ப்போன உடுப்பைப் பிரித்துக்கொண்டும் இருந்தாள். மகள் வகுப்பில் எல்லாரிடமும் மெக்சிகோ போகிறேன் என்று சொல்லிவைத்திருந்தாள். திங்கட்கிழமை வகுப்பில் படம் கேட்டார்களாம். ஆளுக்கு நாற்பது டொலர் மிச்சம் பிடிக்கப் போய் நடந்தது இது. அந்த நாற்பதும் மிஞ்சவில்லை. மற்றவர்களின் நாட்களை வைத்து இவர் விலை பேசுகிறார் என்பதை இவருக்கு எடுத்துச் சொல்ல எங்கள் குடும்பத்தில் ஆளில்லை. மூத்தவர் என்ற மரியாதை.

போய்ச் சேர்ந்துவிட்டாலோ அவரைப்போல ஒருவர் கிடையாது, அதையும் சொல்லவேண்டும். நாங்களெல்லாம் வெயிலைக் கண்டதும் சாய்கதிரையில் விழுந்துவிடுவோம். காலை எட்டு மணிக்குத் தண்ணீருக்குள் இறங்கும் இவர், முதுகில் இரண்டு, கழுத்தில் ஒன்று, கையில் ஒன்றென்று பின்னேரம் வரை கரையேறமாட்டார். சின்னதுகளுக்கு அங்கத்தைய சாப்பாடு பிடிக்காமல் போகும் என்று பருத்தித்துறை வடையும், ஒரு குட்டி ரைஸ் குக்கரும், பருப்புப் பொட்டலமும் அவருடைய பெட்டிக்குள்தான் இருக்கும். மாமிக்குச் சோறும் அதில்தான். இரவில் எல்லாரும் படுத்தபின் அதே ஹொட்டேலின் அடுத்த கிழமை விலையைப் பார்த்து, நாங்கள் கூடக் கொடுத்தோமா என்று ஆராய்வார். பக்கத்துக் கதிரைக் கியூபெக்காரரிடம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டு, பதிலைக் கேட்டபின் மத்தியானம் சாப்பிடாமல் இருந்ததும் உண்டு.

இந்த வருட நிலவரம் இதுதான். வெள்ளிக்கிழமை இரவே அக்கா என் மனைவிக்குப் போன் எடுத்தா. சனிக்கிழமை காலை, தன்னுடைய காட்டில், இரண்டு குடும்பத்துக்கும் மாமிக்கும் ரிக்கெற் எடுத்து முடித்துவிட்டா. அவருக்கும் சேர்த்துத்தான். சின்னவனுக்கு ஜன்னலோரம் தனிச் சீட். பிள்ளைகளுக்குச் சொன்னால் ஒரு மணித்தியாலத்தில் அவருக்குத் தெரிந்துவிடும் என்பதால் அவர்களுக்கும் சொல்லவில்லை. முதல் நாள் இரவு பெட்டி கட்டும்போது சொல்லலாம் என்பது ஏற்பாடு. அதுவரை அவர் படம் அனுப்புகிறார், நாங்களும் "ஓம் அண்ணை, பாத்துக்கொண்டிருங்கோ" என்று பெருவிரல் காட்டுகிறோம்.

நேற்று இரவும் ஒன்று அனுப்பியிருந்தார். அதே ஹொட்டேல், அதே திகதி, நாங்கள் கொடுத்ததைவிட ஆளுக்கு எழுபது டொலர் குறைவு. அக்காவின் கண்ணில் அது படமுதல் குழுவில் வேறு ஏதாவது நிறையப் போடும்படி மனைவி சொன்னாள். காலையிலிருந்து வணக்கம் சொல்லும் பூப்படங்களாகத் தேடி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.