காயலான் கடைக் காற்றாலை

மொட்டைமாடிக் காற்றாலை சுற்றத் தொடங்கியதும் அதைச் செய்தவருக்கு அடுத்த ஆசை பிறக்கும்: இறக்கையின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் மின்சாரம் நான்கு மடங்காகுமே! எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும் என்பது கம்பம் சாய்ந்தபின் நினைவுக்கு வரும் கணக்கு.

டென்மார்க்கின் ட்விண்ட் பள்ளி ஆசிரியர்களுக்கு 1975-இல் இந்த ஆசை முற்றிவிட்டது. கப்பலிலிருந்து சுழல்தண்டு, சுவீடன் காகித ஆலையிலிருந்து பழைய ஜெனரேட்டர். கூலியில்லாமல் உழைக்கத் தன்னார்வலர்கள். அவர்கள் கட்டிய காற்றாலை 54 மீட்டர் விட்டத்தில் 1978-இல் சுற்றியது. நாற்பது ஆண்டு தாண்டியும் ஓடியது. 2 மெகாவாட்டுக்குக் கட்டிவிட்டு, பெரும்பாலும் அதில் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள். பேராசையிலும் ஒரு நிதானம்!

பக்கத்து ஜெர்மனியில் அரசுப் பணத்தில், பட்டம் பெற்ற பொறியாளர்கள் 1983-இல் க்ரோவியான் என்ற காற்றாலையை எழுப்பினார்கள்: 100 மீட்டர் விட்டம், 3 மெகாவாட். பிரிக்கும்வரை அது ஓடியது சுமார் 420 மணி நேரம்.